உருளைக்கிழங்குக்காகச் சிறை போனவர்

ஜூலை 14
‘முதலாம் மாட் ராஜா’ முடிந்தது. போலந்துக்காரர் யானுஷ் கோர்ச்சாக் 1920-களில் எழுதிய சிறுவர் நாவல். அப்பா இறந்ததும் அரியணை ஏறும் பொடியன் குழந்தைகளுக்கென்று ஒரு பாராளுமன்றமே அமைக்கிறான். கடைசியில் தோற்று, தீவுக்கு நாடு கடத்தப்படுகிறான். நல்லவன் ஜெயித்தே தீருவான் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்ல இவருக்கு மனம் வரவில்லை. நானாயிருந்தால் முடிவை மாற்றியிருப்பேன்.

ஜூலை 15
டாக்டராம். வார்சாவில் யூத அநாதைக் குழந்தைகளுக்கு இல்லம் நடத்தியவர். அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக ஒரு கோர்ட். சட்டத்தில் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்புக்கு. 100-இல்தான் குற்றமே தொடங்குகிறது. ஒரு பையனை அநியாயமாக அடித்ததற்கும், ஒரு சிறுமியைத் திருடி என்று சந்தேகப்பட்டதற்கும் கோர்ச்சாக் தன்மேல் தானே வழக்குப் போட்டிருக்கிறார். எந்த ஹெட்மாஸ்டர் செய்வார்?

ஜூலை 17, இரவு
1940. இல்லத்தை, யூதர்களை அடைத்துவைக்கும் கெட்டோவுக்குள் மாற்றச் சொல்கிறார்கள் நாஜிகள். போகும் வழியில் பிள்ளைகளின் உருளைக்கிழங்கு வண்டியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். இவர் போலந்து ராணுவ உடுப்போடு, யூதர் கட்டியே ஆகவேண்டிய கைப்பட்டி இல்லாமல், நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவிடமே நியாயம் கேட்கப் போகிறார். உதை, சிறை. கிழங்கு திரும்பி வரவில்லை.

ஜூலை 18
1942-இல் இதே தேதியில் இல்லத்துக் குழந்தைகள் தாகூரின் ‘டாக் கர்’ நாடகத்தை நடித்தார்கள். நோயில் வீட்டோடு அடைபட்டு, சாவை நெருங்கும் சிறுவன் அமல், ராஜாவின் கடிதத்துக்குக் காத்திருக்கும் கதை. பசியில் வாடிய பிள்ளைகளுக்கு இதையா கொடுப்பது என்று முதலில் தோன்றியது. ஆனால் சாவு பற்றிய பயம் அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இருந்தது. அதைப் பேச ஒரு கதைதான் இல்லை. மூன்று வாரத்துக்குள் ஏறத்தாழ 200 பிள்ளைகளையும் திரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயிலேற்றினார்கள். தப்பிக்க வழி இருந்தும் அவரும் ஏறினார்.

எல்லோரும் பிள்ளைகளோடு அவர் ரயிலுக்கு நடந்த அந்தக் கடைசி நடையைத்தான் சொல்கிறார்கள். எனக்கு உருளைக்கிழங்கு வண்டிதான் பெரிதாகப்படுகிறது. தோற்போம் என்று தெரிந்தே, கிழங்குக்காகப் போய் நின்றாரே!

ஜூலை 20
அவருடைய கெட்டோ நாட்குறிப்பின் கடைசிப் பகுதி. ஜன்னலோரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். வெளியே துப்பாக்கியோடு ஜெர்மன் காவலன். என் வழுக்கைத் தலை நல்ல குறியாயிற்றே, ஏன் சுடவில்லை என்று யோசிக்கிறார். பிறகு, ஊரில் இவன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்திருப்பானோ என்று!

இங்கே எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அவனுக்கு எதற்கு இந்தக் கரிசனம்? மாட் ராஜாவின் முடிவுக்கு அடுத்து, கோர்ச்சாக்கோடு எனக்கு ஒத்துப்போகாத இடம் இது.