மண்ணின் ராசியும் வளர்ப்பின் ராசியும்

பெரிய மனிதர்கள் பலர் ஒரே ஊரில் பிறந்திருந்தால், ‘அந்த மண்ணின் ராசி’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். பிள்ளைகளோடும் பெற்றோர்களோடும் நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மண்ணுக்கு ராசி இருக்கிறதோ இல்லையோ, வளர்ப்புக்கு நிச்சயம் உண்டு. ‘இதெல்லாம் குழந்தையிடம் கொடுக்கிற வேலையா?’ என்று நாம் தயங்குகிற பொறுப்பை நம்பிக் கொடுத்த ஊர்கள்தாம் பெரியவர்களைத் தந்திருக்கின்றன. அதற்கு நான் அறிந்த நல்ல சான்று, அட்லாண்டிக் கடலில் கிடக்கும் நான்டக்கெட் என்ற சின்னத் தீவு.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலக் கரைக்குத் தெற்கே, சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது அந்தத் தீவு. மணல் பூமி, உழுது பிழைக்க வழியில்லை. அதனால் ஊர் கடலுக்குப் போனது. 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் திமிங்கில வேட்டைக்கு உலகப் பெயர் பெற்ற துறைமுகமாக இருந்தது. பல நாடுகளின் வீடுகளிலும் கலங்கரை விளக்கங்களிலும் எரிந்தது திமிங்கில எண்ணெய். பக்கத்துக் கடலில் திமிங்கிலம் அருகிப்போனதும், தென் அமெரிக்காவின் கடைக்கோடியைச் சுற்றிக்கொண்டு பசிபிக் பெருங்கடல் வரை போனார்கள். போன கப்பல் திரும்ப மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். சில கப்பல்கள் திரும்பவே இல்லை.

ஆண்கள் இல்லாத அந்த ஆண்டுகளில் ஊரை நடத்தியது யார்? பெண்கள். சரக்கு வாங்கினார்கள், விற்றார்கள், கணக்கு எழுதினார்கள், கடனை வசூலித்தார்கள். நகரின் நடுத் தெருவில் பெண்களே நடத்திய கடைகள் வரிசையாக இருந்ததால், அந்தப் பகுதிக்குப் ‘பாவாடை வரிசை’ என்றே பெயர் வந்தது. ஊரில் செல்வாக்காக இருந்த குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரின் நம்பிக்கையும் இதற்குத் துணை நின்றது. அவர்களுடைய வழிபாட்டுக் கூட்டத்தில் பெண்ணும் எழுந்து நின்று பேசலாம். மகளையும் மகனைப்போலவே படிக்க வைக்க வேண்டும். தேவையும் நம்பிக்கையும் ஒரே திசையில் இழுத்தன. அப்படிப்பட்ட வீட்டில் வளரும் குழந்தை வேடிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தராசு பிடிக்க வேண்டும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படி வளர்ந்தவர்களில் ஒருவர் லுக்ரீஷியா மாட். 1793இல் அங்கே பிறந்தார். தந்தை கப்பல் தலைவர். அவர் கடலில் இருந்த காலங்களில் தாய் கடையை நடத்தினார். லுக்ரீஷியா கூடமாட உதவினார். அவருக்குப் பதினொரு வயதானபோது குடும்பம் பாஸ்டனுக்குப் பெயர்ந்துவிட்டது. ஆனால் தாய் முதலாளியாக இருந்து கடை நடத்தியதைப் பார்த்த கண்கள் மாறவில்லை. பிறகு ஒரு பள்ளியில் இருந்தபோது, அங்கே ஆசிரியைகளுக்கு ஆண் ஆசிரியர்களைவிட மிகக் குறைந்த சம்பளம் என்று தெரியவந்தது. அது அவர் மனத்தில் முள்ளாகத் தைத்தது. 1840இல் லண்டனில் நடந்த அடிமை ஒழிப்பு மாநாட்டுக்குப் பேராளராகப் போனவரை, பெண் என்பதால் ஏற்க மறுத்துத் தனியே உட்கார வைத்தார்கள். 1848இல் செனகா ஃபால்ஸ் என்ற ஊரில், பெண்ணுரிமைக்காக அமெரிக்காவில் கூடிய முதல் மாநாட்டை நடத்தியவர்களில் அவரும் ஒருவர்.

இன்னொருவர் மரியா மிட்செல். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1818இல் பிறந்தவர், பத்துப் பிள்ளைகளில் மூன்றாமவர். தந்தை வில்லியம் பள்ளி ஆசிரியர், வானத்தைப் பார்ப்பதில் தணியாத ஆசை கொண்டவர். கப்பல்களின் குரோனோமீட்டர்களைச் சரிபார்ப்பதும் அவர் வேலை. நடுக்கடலில் கப்பல் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வது அந்தக் கடிகாரம்தான். அது நான்கு நொடி பிசகினால், பூமியின் நடுக்கோட்டருகே கப்பலின் இடம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தவறிப்போகும். தினம் நான்கு நொடி என்று ஒரு மாதம் பிசகினால் தவறு 50 கிலோமீட்டரைத் தாண்டும். இரவில் தெரியாத பாறையில் மோத அது போதும். ஆகவே கரையில் இருக்கும்போதே, விண்மீன்களைப் பார்த்து, கடிகாரம் நாளொன்றுக்கு எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்று கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். பல உயிர்கள் அந்தக் கணக்கை நம்பிக் கடலுக்குப் போயின.

1831 பிப்ரவரியில் சூரிய கிரகணம். மிட்செல் வீட்டில் முன்னறைச் சன்னலைக் கழற்றிவிட்டுத் தொலைநோக்கியை நிறுத்தினார்கள். தந்தை கிரகணத்தைப் பார்க்க, பன்னிரண்டு வயது மரியா கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை எண்ணினார். அந்த அளவீட்டைக் கொண்டு தங்கள் வீடு எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். நொடியை மரியா தவறாக எண்ணியிருந்தால் கணக்கே தவறியிருக்கும். பதினான்கு வயதில், தந்தை ஊரில் இல்லாத ஒரு நாள், கப்பல் தலைவர் ஒருவர் குரோனோமீட்டரோடு வந்து நின்றார். ‘நான் பார்த்துத் தருகிறேன்’ என்றார் அந்தச் சிறுமி. பார்த்தும் கொடுத்தார். அந்தப் பெண்ணின் துணிவைவிட, கடிகாரத்தை அவர் கையில் கொடுத்த கப்பல் தலைவரின் மனம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1836இல் ஊரின் நூலகத்துக்கு மரியா நூலகரானார். இருபது ஆண்டுகள் அந்தப் பணியில் இருந்தார். கல்லூரி வாசல் மிதிக்காதவர், நூலக மேசையிலேயே உயர் கணிதம் கற்றார். தந்தை அப்போது வங்கியில் காசாளர். குடும்பம் அந்த வங்கிக் கட்டடத்திலேயே குடியிருந்தது. 1847 அக்டோபர் 1ஆம் தேதி இரவு, வீட்டில் விருந்தினர் இருந்தபோதும் மரியா வழக்கம்போல மொட்டைமாடித் தொலைநோக்கிக்குப் போனார். எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு வால்மீன் கண்ணில் பட்டது. இன்னும் உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று அவர் தயங்க, தந்தை உடனே ஹார்வர்டு வானாய்வகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார். இரண்டு நாள் கழித்து ரோமிலும் ஒருவர் அதே வால்மீனைக் கண்டார். முதலில் கண்டவர் மரியாதான் என்று ஏற்று, டென்மார்க் அரசர் தங்கப் பதக்கம் அளித்தார். மகளுக்கு வேலை கற்றுக்கொடுத்தது மட்டுமல்ல, அந்த வேலையின் பெயரும் மகளுக்கே போய்ச் சேர வேண்டும் என்று பார்த்துக்கொண்டாரே, அதுதான் தந்தை.

1865இல் வாசர் பெண்கள் கல்லூரியில் வானியல் பேராசிரியரான மரியா, தான் வளர்ந்த விதத்திலேயே மாணவிகளை வளர்த்தார். 1869இல் முழு கிரகணம் பார்க்க அவர்களை அயோவா மாநிலம் வரை அழைத்துப் போனார். மதிப்பெண் போடுவதை அவர் விரும்பவில்லை. ஆண் பேராசிரியர்களைவிடத் தனக்குச் சம்பளம் குறைவு என்று அறிந்ததும் கேட்டுப் போராடி உயர்வு பெற்றார்.

அதே தீவில் 1822இல் பிறந்த ரோலண்ட் மேசி, பதினைந்து வயதில் திமிங்கிலக் கப்பலேறினார். திரும்பி வந்து தொடங்கிய கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1858இல் நியூயார்க்கில் மீண்டும் ஒன்று திறந்தார். முதல் நாள் விற்பனை சுமார் 11 டாலர். இன்று உலகறிந்த ‘மேசிஸ்’ அதுதான். அவரிடம் வேலைக்கு வந்த நான்டக்கெட் பெண் மார்கரெட் கெட்செல். இளம் வயதில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், ஒரு கண்ணை இழந்தவர். 1866இல் அந்தப் பெரிய கடை முழுவதற்கும் மேலாளராக அவரை மேசி அமர்த்தினார். பெண்கள் கடை நடத்தும் தெருவைப் பார்த்து வளர்ந்தவருக்கு அதில் வியப்பு என்ன இருந்திருக்கும்?

இவ்வளவு சொல்லிவிட்டு அந்த ஊரின் குறையை மறைப்பது நேர்மையாகாது. அங்கே எல்லாப் பிள்ளைகளையும் ஊர் நம்பிவிடவில்லை. அப்சலம் பாஸ்டன் என்ற கறுப்பினத்தவர் 1785இல் அங்கே பிறந்தார். 1822இல் முழுக்கக் கறுப்பின மாலுமிகளைக் கொண்ட திமிங்கிலக் கப்பலுக்குத் தலைவராகக் கடலோடினார். ஆனால் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஊரின் பொதுப்பள்ளியில் இடமில்லை. யூனிஸ் ராஸ் என்ற மாணவி உயர்நிலைப் பள்ளிக்குத் தேர்வெழுதித் தேறியும், 1840இல் கதவடைத்தார்கள். தன் மகளைச் சேர்க்க மறுத்ததை எதிர்த்து 1845இல் அப்சலம் வழக்குத் தொடுத்தார். அதன் பிறகே அந்தப் பள்ளிகள் எல்லோருக்குமாகத் திறந்தன. மரியா 1835இல் நடத்திய சிறு பள்ளியோ கறுப்பினப் பிள்ளைகளை முன்பே சேர்த்துக்கொண்டிருந்தது. பொறுப்பை யாருக்குக் கொடுப்பது என்பதில் பாரபட்சம் காட்டும் ஊர், தன் பிள்ளைகளில் பாதிப் பேரைத் தானே இழக்கிறது.

ஊரின் தொழிலும் நிலைக்கவில்லை. 1846இல் பெருந்தீ. துறைமுக வாயிலில் மணல்மேடு. 1859இல் பென்சில்வேனியாவில் பெட்ரோலியம் கிடைத்ததும் விளக்குக்கு மண்ணெண்ணெய் வந்தது. திமிங்கில எண்ணெயைத் தேடுவார் இல்லை. தொழில் போனாலும், அது வளர்த்த பிள்ளைகள் எங்கு போனாலும் தலைநிமிர்ந்து நின்றார்கள். அவர்கள் ஊரைவிட்டு எடுத்துச் சென்றது தொழிலை அல்ல, பொறுப்பைத் தாங்கிப் பழகிய முதுகெலும்பை.

பெற்றோர்களே, நம் வீடுகளைப் பாருங்கள். ‘நீ படி, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று அன்போடு சொல்கிறோம். அந்த அன்பில் பிள்ளைகள் மதிப்பெண் எடுக்கிறார்கள். ஆனால் வங்கியில் ஒரு படிவம் நிரப்ப அப்பாவைத் தேடுகிறார்கள். கடல் பயணம் போன்ற ஆபத்தில் பிள்ளையைத் தள்ளச் சொல்லவில்லை. படிப்பைக் கெடுத்து வேலைக்கு அனுப்பச் சொல்லவும் இல்லை, அது கொடுமை. வீட்டின் மாதக் கணக்கைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை எழுதட்டும். பாட்டியின் மருந்துவேளையைப் பேரன் கவனிக்கட்டும். மகனிடம் கொடுக்கிற சாவியை மகளிடமும் கொடுங்கள். தவறினால் கோபிக்காமல் இன்னொரு முறை கொடுங்கள். சரியாகச் செய்தால், அதைச் செய்தது யார் என்று நாலு பேர் முன்னால் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். பிள்ளை தன்னை நம்புவதற்கு முன்னால் நாம் பிள்ளையை நம்ப வேண்டும்; இந்த வாரமே தொடங்குங்கள்.