ஆறாமல் காத்தல்

சென்ற ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வாழும் என் மகன், ‘ஆட்டோகிராஸ்’ என்னும் கார்ப் போட்டிக்கு என்னை அழைத்துச் சென்றான். பரந்த சிமெண்டுத் தளம், குளிர்காற்று. நிறுத்திவைத்த கூம்புகளுக்கிடையே கார்கள் ஒவ்வொன்றாக வளைந்தோடின. ஓட்டம் ஒரு நிமிட அளவே. கூம்பொன்று சாய்ந்தால் 2 விநாடி கூட்டுவர். அடுத்த முறைக்கோ நெடுநேரம் காத்திருத்தல் வேண்டும்.

ஓடி நின்றதும் மகன் டயர்களைப் பழைய கம்பளிகளால் போர்த்தினான். “ரப்பர் குளிர்ந்தால் இறுகிவிடும், வாப்பா, தரையைப் பற்றாது” என்றான்.

“கம்பளி சூடு தருமா?” எனக் கேட்டேன்.

“தராது. ஓடியபோது பிறந்த சூடு விரைவில் ஆறாமல் காக்கும், அவ்வளவுதான்.”

அச்சொல் நெஞ்சில் தைத்தது. முப்பது ஆண்டுகளாக அரபு இலக்கணம் கற்பிப்பவன் நான். விடுமுறை கழிந்து வரும் பிள்ளைகள் பாடத்தை மறந்திருந்தால் பிரம்பெடுத்ததுண்டு. அப்படி அடிபட்டு, ஓதுவதையே விட்டுச் சென்ற ஒரு சிறுவனின் முகம் கண்முன் நின்றது. இடைநாளில் பாடம் ஆறாதிருக்க நான் எதைப் போர்த்தினேன்?

இப்போது வியாழன் மாலைதோறும் ஒரு சிறு வினாவைக் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளியன்று வீட்டாரிடம் விடையைச் சொல்லிக் காட்டுகிறார்கள். சனிக்கிழமை பிரம்புக்கு வேலையில்லை. பெற்றோரே, அந்த ஒருநாள் காவல் உங்கள் கையில் இருக்கிறது.