ஊசி கேக்கலையா? டோஸைக் கூட்டுறதுக்கு முன்னாடி ரத்தத்துல அளந்து பாருங்க

1/
"ஊசியே கலப்படமா டாக்டர்? முன்ன நல்லா கேட்டுச்சு, இப்ப கேக்க மாட்டேங்குதே."

உப்பிலியபுரத்துல சின்ன வெங்காயம் போடுற ஒரு அப்பா கேட்டது. பையனுக்கு க்ரோன்ஸ் நோய், அதாவது குடல்ல நாள்பட்ட அழற்சி. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அடாலிமுமாப் ஊசி, 40 மில்லிகிராம். ஒரு வருஷம் நல்லா இருந்தான். இப்போ மறுபடியும் பேதி, வயித்துவலி.

"வாரா வாரம் போட்டுடலாம் சார். நகையை அடகு வெச்சாவது வாங்கிடுறேன்"னார்.

2/
மலத்தைப் பரிசோதிச்சோம். கிருமித்தொற்று இல்லை, குடல் அழற்சிதான் திரும்பியிருக்கு. அடுத்து நாங்க கேட்டது, ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குங்கிற பரிசோதனை.

3/
இந்த மருந்து ஒரு ஆன்டிபாடி. அழற்சியைத் தூண்டுற டி.என்.எஃப் என்ற புரதத்தைப் பிடிச்சு முடக்கும். ஒரே மாதிரியான ஆன்டிபாடியை ஆய்வகத்துல தயாரிக்கிற வழியை 1975-ல் கோலரும் மில்ஸ்டீனும் காட்டினாங்க. 1984-ல் நோபல் பரிசு. அடாலிமுமாப்போட முதல் பயோசிமிலர் 2014-ல் நம்ம நாட்டுலதான் விற்பனைக்கு வந்துச்சு.

4/
சிக்கல் என்னன்னா, இதுவும் ஒரு புரதம். சிலரோட உடம்பு இதை அந்நியன்னு நினைச்சு, மருந்துக்கு எதிராவே ஆன்டிபாடி தயாரிச்சிடும். ஊசி போன வேகத்துல மருந்து காலி.

5/
எப்படி அளக்குறாங்க? எலைசா முறையில. சின்னச் சின்னக் குழி இருக்கிற தட்டுல டி.என்.எஃப் பூசியிருக்கும். அதுல நோயாளியோட சீரத்தை விடுவாங்க. மருந்து இருந்தா ஒட்டிக்கும். கழுவிட்டு, அந்த மருந்தைக் கண்டுபிடிக்கிற, என்சைம் கோர்த்த இன்னொரு ஆன்டிபாடியை விட்டா நிறம் வரும். நிறம் எவ்வளவு அழுத்தமோ, மருந்து அவ்வளவு அதிகம்.

6/
ரிசல்ட் மூணு விதமா வரலாம்:

மருந்து கம்மி, எதிர் ஆன்டிபாடி இல்லை: டோஸைக் கூட்டலாம், இல்ல இடைவெளியைக் குறைக்கலாம்.

மருந்து கம்மி, எதிர் ஆன்டிபாடி அதிகம்: மருந்தை மாத்தணும்.

மருந்து போதுமான அளவு இருந்தும் நோய் அடங்கலை: வேற வழியில வேலை செய்யுற மருந்து வேணும்.

க்ரோன்ஸ்ல அடாலிமுமாப்புக்கு, மில்லிலிட்டருக்கு 7.5 மைக்ரோகிராமாவது இருக்கணும்னு அமெரிக்க இரைப்பை குடல் சங்கம் 2017-ல் சொன்னது.

7/
இந்தப் பையனுக்கு மருந்து கிட்டத்தட்ட பூஜ்யம். எதிர் ஆன்டிபாடி ரொம்ப அதிகம். வாரா வாரம் போட்டிருந்தா ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துன கதைதான். நகையும் போயிருக்கும், நோயும் நின்னிருக்காது.

விசாரிச்சா, "ஊசிதான் போடுறோமே"ன்னு அசதயோபிரின் மாத்திரையை அவனே நிறுத்தியிருக்கான். எதிர் ஆன்டிபாடி உருவாகுறதைக் குறைக்கிறதும் அந்தச் சின்ன மாத்திரைதான்!

ஊசியை மாத்தினோம், மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சோம். இப்ப வேலைக்குப் போறான்.

8/
இந்த ஊசி போடுறவங்க கவனிக்க:

👉 அடுத்த ஊசிக்குச் சற்று முன்னாடி ரத்தம் கொடுங்க. ஊசி போட்ட சில நாள்லயே கொடுத்தா அளவு கூடத் தெரியலாம்.

👉 மருந்து பேரைத் தெளிவா எழுதிக் கொடுங்க. ஒவ்வொரு மருந்துக்கும் தனி அளவு.

👉 மறுபடி பார்க்கும்போது அதே லேப், அதே முறை. வேற கிட்டோட எண்ணை இதோட ஒப்பிட முடியாது.

👉 ஊசியை ஃபிரிட்ஜ்ல 2 முதல் 8 டிகிரிக்குள்ள வைங்க. ஃப்ரீஸர்ல வேண்டவே வேண்டாம்.

9/
எல்லாருக்கும் இந்த டெஸ்ட் தேவையில்லை. ஆனா நல்லா கேட்டுட்டிருந்த ஊசி திடீர்னு கேக்கலைன்னா, டோஸைக் கூட்டுறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க: "ரத்தத்துல மருந்து அளவு பார்த்துடலாமா?"