கரிசல் வெயிலில் பழைய வேன்

மதுரையிலிருந்து திருநெல்வேலி நோக்கிச் செல்லும் பெருவழி, திருமங்கலத்தைக் கடந்ததும் கரிசல் பூமிக்குள் புகுகிறது. முன்னர் 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை; இன்று 44ஆம் எண். காமராசர் 1903இல் பிறந்த விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டாவின் மணம் வரவேற்கும். வைப்பாற்றங்கரைச் சாத்தூரில் வெள்ளரிப் பிஞ்சும் காராச்சேவும் காத்திருக்கும். விருதுநகரிலிருந்து மேற்கே திரும்பினால் ஆமத்தூர், திருத்தங்கல் வழியே சிவகாசி.

மேலப்பாளையத்திற்கோ காயல்பட்டினத்திற்கோ திருமண வீடு செல்லும் நம் குடும்பங்கள் சில, இன்றும் பழைய ஆம்னி வேனிலேயே இவ்வழி பயணிக்கின்றன. 1984இல் அறிமுகமாகி, 2019இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. அதன் 796 சி.சி. எஞ்சின் முன்னிருக்கைகளுக்கு அடியிலேயே அமைந்துள்ளது. சாலையோ நான்கு தடங்களாக அகன்று நேராகக் கிடக்கிறது. ஓட்டுபவரின் கால் தன்னையறியாமல் ஆக்ஸிலேட்டரை அழுத்துகிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

அந்த எஞ்சின் தன் முழு ஆற்றலைத் தருவது நிமிடத்திற்குச் சுமார் 5000 சுழற்சியில். ஆனால் முழு ஆற்றல் தரும் வேகம் வேறு. மணிக்கணக்கில் தாங்கும் வேகம் வேறு. அதில் மூன்றில் இரு பங்கோடு நிறுத்திக்கொள்வதே வயதான எஞ்சினுக்கு நலம். சுழற்சி 3000இலிருந்து 4500 ஆகும்போது, பிஸ்டனின் ஓட்டத்தால் கனெக்டிங் ராடு தாங்கவேண்டிய விசை ஒன்றரை மடங்கன்று, இரண்டேகால் மடங்காகிறது. வெப்பம் ஏறி, ஆயில் நீர்த்து, தேய்மானமும் மிகுகிறது.

சுழற்சியைக் காட்டும் மானி இவ்வண்டியில் இல்லை. காதும் வெப்பமானியுமே வழிகாட்டிகள். டாப் கியரில் மணிக்கு 60 கிலோமீட்டரை ஒட்டி, இடப்பக்கத் தடத்தில் செல்வதே பொருத்தம். வெப்பமானியின் முள் வழக்கத்தைவிட மேலேறினால் வேகத்தைக் குறைத்து நிழலில் ஒதுங்குங்கள். நெடுந்தூரம் ஓடிய எஞ்சினை உடனே அணைக்காமல், ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைப்பது நன்று. சூடு தணியுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். லுஹர் தொழுகைக்காக விருதுநகரில் இறங்கினால், எஞ்சினுக்கும் அது ஓய்வாகும்.

சிவகாசியில் மலிவென்று பட்டாசுப் பெட்டிகளை அதே வேனில் ஏற்றிக்கொள்வோரும் உண்டு. முன்னே கொதிக்கும் எஞ்சின், பின்னே வெடிமருந்து, நடுவே குழந்தைகள்! இது கூடவே கூடாது.

மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே சுமார் 160 கிலோமீட்டர். 60க்குப் பதில் 80இல் விரைந்தால் மிச்சமாவது 40 நிமிடமே. உச்சி வெயிலில் முதியோரையும் பிள்ளைகளையும் சாலையோரம் இறக்கிவைத்து, மெக்கானிக்கின் வருகைக்காகக் காத்திருக்கும் நேரமோ இதைவிடப் பன்மடங்கு.