முதலில் நத்தை, பிறகு பேத்தை

சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணத்தில் ஆத்தூர் சாலையை விட்டு உள்ளே தள்ளி, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் அந்த மீன் கடை. நான் போனபோது, சென்னை கொளத்தூரிலிருந்து வந்திருந்த தெர்மாகோல் பெட்டியைக் கடைக்காரர் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மிச்சம் ஆக்சிஜனுமாகப் புடைத்த பைகள். எதையும் அவிழ்க்காமல் தொட்டியில் மிதக்கவிட்டார். "ரெண்டு தண்ணிச் சூடும் ஒண்ணாகணுங்க. அவசரப்பட்டா மீனு அதிர்ந்துபோயிரும்."

ஒரு பையில் பத்துப் பேத்தைகள். பட்டாணிப் பேத்தை, கடைப் பேச்சில் பீ பஃபர். முழுதாக வளர்ந்தாலே சுமார் 3 செ.மீ.தான். 1941இல் ஹோராவும் நாயரும் பம்பையாற்று மீனை வைத்து விவரித்த இனம் இது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து அரபிக் கடலுக்கு ஓடும் ஆறுகளும் அவற்றை ஒட்டிய நீர்நிலைகளும்தான் இதன் ஊர். ஐயுசிஎன் இதை அழிவுக்கு ஆளாகக்கூடிய இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. ரயிலில் சென்னை போயிருந்தால் சேலம் ஜங்ஷனைத் தாண்டியே போயிருக்கலாம். இப்போது திரும்பி வந்திருக்கிறது.

பேத்தையில் நான் ஏற்கெனவே சூடுபட்டவன். பச்சை முதுகில் கறுப்புப் புள்ளி போட்ட பெரிய வகை ஒன்றை, 'நல்ல தண்ணி மீன்' என்று ஒரு கடையில் தலையில் கட்டினார்கள். வளர வளர அதற்கு உப்பு கலந்த கழிமுகத் தண்ணீர் வேண்டும் என்பது, அது செத்த பிறகுதான் தெரிந்தது.

"வயித்தப் பாருங்க" என்றார். "ஒட்டிப்போயிருந்தா தொடாதீங்க." ஆற்றில் பிடித்த மீனின் குடலில் புழு இருந்தால், எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. போன வாரம் வந்து தெளிந்திருந்த மீன்கள் பக்கத்துத் தொட்டியில் இருந்தன. அதில் ஒரு சின்ன நத்தையைப் போட்டார். ஒரு பேத்தை வந்து அந்தரத்தில் நின்றது. ஒரு கண் நத்தைமேல், இன்னொரு கண் என்மேல். இரண்டும் தனித்தனியாகச் சுழன்றன. நத்தை தலையை நீட்டும்வரை காத்திருந்து ஒரே கொத்து. கிளிமூக்குப் போல ஒட்டிய நான்கு பல் அதற்கு. வயிற்றடியில் கருங்கோடு ஓடியதால் ஆண் என்றார். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண், ஒளிய நிறைய செடி. இல்லையென்றால் ஒன்றையொன்று கடித்தே தீர்த்துவிடும். கப்பி, பைட்டரோடு விட்டால் அவற்றின் துடுப்பு மிஞ்சாது. குச்சித் தீனியை இது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அப்படியானால் வருஷம் முழுக்க நத்தைக்கு எங்கே போவது? பின்கட்டில் சிமெண்ட் தொட்டி நிறைய நத்தை. அது அவருடைய அம்மாவின் பொறுப்பு. வெள்ளரித் தோலும் கீரைத் தண்டும் போட்டுக்கொண்டிருந்தார். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. போர் தண்ணீர். நம் வீட்டுக் குழாயையும் பக்கெட்டையும் பாழாக்கும் அதே சுண்ணாம்பு. "நல்லதுன்னு சொல்லி ஆர்ஓ தண்ணி ஊத்துறாங்க கண்ணு. அதுல நத்தைக்கு ஓடே கட்ட மாட்டேங்குது" என்று உள்ளங்கையில் இரண்டை வைத்துக் காட்டினார். ஒன்று பழுப்பேறி வழவழவென்று இருந்தது. மற்றது ஒரு வாடிக்கையாளர் வீட்டிலிருந்து வந்தது, வெளிறி, முனை அரித்துப்போய். உப்புத் தண்ணியைத் திட்டியே வளர்ந்த எனக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இரண்டு மீன் கேட்டேன். தொட்டி வைத்து எத்தனை நாளாயிற்று என்றார். முந்தாநாள் என்றேன். சிரித்தார். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா, பில்டர் பஞ்சில் குடியேற ஒரு மாதமாவது ஆகும். ஒரு மீனுக்கே 20 லிட்டர் தண்ணீர் வேண்டும். என் தொட்டியும் அவ்வளவுதான். "நத்தைய மட்டும் விட்டு வைங்க. அடுத்த மாசம் வாங்க, ஒண்ணு தர்றேன்."

ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஜாவா மாஸும் இருபது நத்தையும் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெரியவர் பாட்டிலை வெகுநேரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மூலத்துக்குங்களா?"