தரை தொடாப் பந்தயம்

பழையதைப் புதுக்குதல் என்பது நம் மக்களுக்குப் புதிய செயலன்று. கோயில்களுக்குத் திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துகிறோம். பாட்டியின் காசுமாலையை உருக்கிப் பேத்திக்குப் புதுச்சங்கிலி செய்விக்கிறோம். 1964இல் வெளிவந்த ‘கர்ணன்’ திரைப்படத்தைத் தூசு போக்கி, ஒலி திருத்தி, 2012இல் மீண்டும் அரங்குகளில் திரையிட்டபோது, முதல் வெளியீட்டின்போது பிறந்தே இராத பிள்ளைகளும் சென்று கண்டு மகிழ்ந்தனர். ஆயினும் புதுக்குவோர் முன் ஒரு வினா எப்போதும் நிற்கிறது. எதை வைத்துக்கொள்வது? எதை விட்டுவிடுவது? காசுமாலை உருகியபின் தங்கம் எஞ்சும், மாலை எஞ்சுமா?

இவ்வினாவை நாம் ஈண்டு ஒரு வீடியோ விளையாட்டைக் கொண்டு ஆராயப் புகுகின்றோம். இலக்கிய மலரில் இதற்கென்ன வேலை என்று மூத்த அன்பர் சிலர் புருவம் நெரிக்கக் கூடும். பொறுத்தருள வேண்டுகிறோம். ஒரு தலைமுறையின் இளமை எவ்விடத்தில் கழிந்ததோ, அவ்விடமும் அத்தலைமுறையின் நினைவுக்கு உரிய நிலமே அன்றோ?

விளையாட்டின் பெயர் ‘வைப்அவுட்’. பிறந்த ஊர் இங்கிலாந்தின் துறைமுக நகரமாகிய லிவர்பூல். அங்கே 1984இல் தோன்றிய ‘சிக்னோசிஸ்’ என்னும் நிறுவனத்தை 1993இல் ஜப்பானின் சோனி வாங்கியது. சோனியின் ‘பிளேஸ்டேஷன்’ கருவி 1995 செப்டம்பரில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தபோது, அதனுடன் வந்த முதல் விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று. இதனை வடிவமைத்தவர்களுள் ஒருவரான நிக் பர்கோம்ப், வேறொரு பந்தய விளையாட்டின் இசையை நிறுத்திவிட்டுத் தமக்குப் பிடித்த நடன இசையை ஒலிக்கவிட்டு ஆடியபோது இதற்கான எண்ணம் கருக்கொண்டது என்று கூறியிருக்கிறார். இசைக்கு ஏற்ப ஓடும் ஊர்தி என்பதே அக்கரு.

கதை நடப்பது 2052ஆம் ஆண்டில். ஊர்திகளுக்குச் சக்கரம் இல்லை. அவை நிலத்தின் ஈர்ப்பை எதிர்த்துத் தரைக்குச் சிறிது மேலே மிதந்தவாறு பறக்கின்றன. ஐரோப்பியர் அணி, ஜப்பானியர் அணி, அமெரிக்கர் அணி, ரஷ்யர் அணி என நான்கு அணிகள். கனடாவிலும் கிரீன்லாந்திலும் செவ்வாய்க் கோளிலும் கூடப் பந்தயத் தடங்கள் உண்டு. அடுத்த ஆண்டே வெளிவந்த இரண்டாம் விளையாட்டில் நேபாளத்துச் ‘சகர்மாதா’வுக்கும் இடம் கிடைத்தது. ஷெஃபீல்டு நகரத்து ‘தி டிசைனர்ஸ் ரிபப்ளிக்’ என்னும் ஓவிய வடிவமைப்பாளர் குழு, இல்லாத அணிகளுக்கு உள்ள நிறுவனங்களைப் போலவே சின்னங்களையும் எழுத்துகளையும் வரைந்து கொடுத்தது. இசைத்தடங்கள் அக்குறுந்தகட்டிலேயே பதிந்திருந்தமையால், அதனைச் சாதாரண இசைக்கருவியில் இட்டும் பாடல் கேட்கலாம். விளையாட்டு ஓடாத வேளையிலும் பாடிய தகடு அது.

நாம் இதனைக் கண்டது 1998இல், தில்லியில், பி.ஏ. முதலாண்டு படித்த காலத்தில். அரசுக் குடியிருப்பை அடுத்த கடைத்தெருவில், ஒரு கடையின் பின்கட்டில் இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகள் இருந்தன. அரை மணி நேரத்துக்குப் பத்து ரூபாய். நாம், வங்காளி நண்பர் ஒருவர், சீக்கிய நண்பர் ஒருவர் ஆக மூவர் சேர்ந்து அப்பத்து ரூபாயைத் திரட்டுவோம். ஒருவர் ஆட இருவர் நின்று பார்ப்போம். ஆடியதைக் காட்டிலும் பார்த்ததே மிகுதி. எனவே கற்றதும் பார்த்தே.

கற்றது என்ன? வேகத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்திப் பிடிப்பதற்குப் பயிற்சி வேண்டுவதில்லை. கடினம் முழுவதும் வளைவில்தான். இவ்வூர்திக்கு இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இரண்டு காற்றுப் பிரேக்குகள் உண்டு. ஓடக்காரன் ஒரு பக்கத்துத் துடுப்பை நீரில் அசையாது நிறுத்திப் பிடித்தால் ஓடம் அப்பக்கம் திரும்பும். அதுபோலவே, இடப்பக்கப் பிரேக்கை அழுத்தினால் ஊர்தியின் மூக்கு இடப்பக்கம் வளையும். சற்று முன்னதாக அழுத்தினால் உட்சுவரில் இடிக்கும். சற்றுப் பிந்தினால் வெளிச்சுவரில் இடிக்கும். 1995இன் முதல் விளையாட்டில் சுவரில் இடித்தால் மன்னிப்பே கிடையாது. ஊர்தி ஏறக்குறைய நின்றேவிடும்; பின்னால் வந்தவர் அனைவரும் முந்திச் செல்வர். ஆகவே அப்பின்கட்டில் வென்றவர் விரைந்தவர் அல்லர். எங்கே தணிய வேண்டும் என்பதை அறிந்தவரே. வேகம் என்பது முடுக்குவதில் இல்லை, அளவறிந்து தணிப்பதில் இருக்கிறது என்னும் பாடத்தை எந்தப் பேராசிரியரும் நமக்கு அத்துணைத் தெளிவாகக் கற்பித்ததில்லை.

பின்னர் வேலை, திருமணம், குடும்பம் என்று ஆண்டுகள் ஓடின. நாம் கவனியாதிருந்த அக்காலத்தில் விளையாட்டும் தன் வழியே வளர்ந்தது. 2005இல் கையடக்கக் கருவிக்கு வந்தது. 2008இல் பிளேஸ்டேஷன் 3 கருவிக்கென உயர்தெளிவுப் படத்துடன் ‘வைப்அவுட் எச்.டி.’ வெளிவந்தது. ஒளி மின்னி மறையும் காட்சிகள் வலிப்பு நோயுடையார்க்குத் தீங்கு செய்யுமோ என்று நடத்திய சோதனையில் தேறாமையால், அவ்வெளியீடு தள்ளிப்போய்க் காட்சிகள் திருத்தப்பட்டன. 2012இன் தொடக்கத்தில் ‘வைப்அவுட் 2048’ வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே, ‘ஸ்டுடியோ லிவர்பூல்’ என்று பெயர் மாறியிருந்த அப்பழைய பட்டறையைச் சோனி மூடிவிட்டது. இருபத்தெட்டு ஆண்டுக் கைத்திறன் கலைந்தது.

மூடிய பட்டறையின் பொருள்களை ஐந்தாண்டு கழித்து வேறு கைகள் எடுத்துத் துடைத்தன. 2017 ஜூனில் வெளிவந்த ‘வைப்அவுட் ஒமேகா கலெக்‌ஷன்’ என்பதே அப்புதுப்பதிப்பு. சோனியின் மேற்பார்வையில் கிளெவர் பீன்ஸ், ஈபாஸ் என்னும் சிறு நிறுவனங்கள் அப்பணியைச் செய்தன. எச்.டி., அதன் துணைப் பகுதியாக 2009இல் வந்த ‘ஃபியூரி’, 2048 ஆகிய மூன்றையும் பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு ஏற்பத் தீட்டினர். தடங்கள் 26; ஊர்திகள் 46. கையடக்கக் கருவியில் வினாடிக்கு 30 படங்களாக ஓடிய 2048, இதில் வினாடிக்கு 60 படங்களாக ஓடுகிறது. இவ்வேறுபாட்டை எண்ணால் உணர்வதைவிடக் கண்ணால் உணர்வதே எளிது. முன்னர்த் தாவித் தாவி வந்த தடம் இப்போது ஆற்றுநீர் போல் வழுக்கி வருகிறது.

அலுவலக நண்பர் ஒருவர் மாற்றலாகிச் சென்றபோது, தம் பிளேஸ்டேஷன் 4 கருவியைச் சில தகடுகளுடன் நமக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அத்தகடுகளுள் இதுவும் இருந்தது. சென்ற குளிர்காலத்து ஞாயிறு ஒன்றில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் நம் மகன் அருகிருக்க, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப்பின் அப்பந்தயத்தில் மீண்டும் இறங்கினோம்.

திரையில் கண்டவை எவையும் நாம் அறிந்தவை அல்ல. அன்று கட்டம் கட்டமாக, முனை முனையாகத் தெரிந்த மலைகள் இன்று மலைகளாகவே தெரிந்தன. தடத்தின் விளிம்பில் ஒளி சிந்தியது. பாடல்களும் வேறு. ஆயினும் முதல் வளைவு வந்தவுடன் நம் இடக்கை விரல் நம்மைக் கேளாமலே பிரேக்கைத் தேடிச் சென்று அழுத்தியது. ஊர்தி மூக்கைத் திருப்பிச் சுவரைத் தொடாது வழுக்கி வெளிவந்தது. அறிவு மறந்ததை விரல் மறக்கவில்லை. புதுக்கியவர்கள் காட்சி அனைத்தையும் மாற்றியிருந்தும், ஊர்திக்கும் விரலுக்கும் இடையிலிருந்த அப்பழைய உடன்படிக்கையை மாற்றவில்லை என்பதை அந்நொடியில் உணர்ந்தோம்.

மகனுக்கு அது விளங்கவில்லை. அவன் முறை வந்தபோது, முடுக்கும் பொத்தானைப் பிடித்த பிடி விடாமல் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே சென்றான்.

“வளைவுல பிரேக் போடு கண்ணா” என்றோம்.

“பிரேக் போட்டா பின்னாடி வர்றவன் முந்திடுவானேப்பா?”

“முந்தட்டும். நீ சுவரைத் தொடாம வெளில வா. நேர்ப்பாதையில அவனைப் பிடிச்சுடலாம்.”

போட்டுப் பார்த்தான். நான்காம் முறை பிடித்தும்விட்டான். திரும்பி நம்மைப் பார்த்து ஒன்றும் சொல்லாது, அடுத்த பந்தயத்தைத் தொடங்கினான். வேலைக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு தந்தை தன் மகனுக்கு நேராகக் கையில் கொடுக்கக்கூடியவை இக்காலத்தில் மிகச் சிலவே. நாம் படித்த பாடங்கள் அவனுக்கு வேண்டுவதில்லை. நம் அலுவலக அனுபவம் அவனுக்குப் பயன்படுமா என்பதும் ஐயமே. தில்லியில் பிறந்து வளர்ந்த அவனிடம் நம் ஊர்க் கதைகளைச் சொன்னால் மரியாதைக்குக் கேட்கிறான். ஆனால் ஒரு கடையின் பின்கட்டில் மூவர் பத்து ரூபாய் திரட்டிக் கற்ற ஒன்று, அன்று அவன் விரலில் ஏறியது.

பத்தே நாளில் அவன் நம்மைக் கடந்துவிட்டான். இதில் ‘ஸோன்’ என்றொரு பிரிவு உண்டு. அதில் முடுக்குவது நம் கையில் இல்லை. வேகம் தானே கூடிக்கொண்டே போகும். திருப்புவது ஒன்றே நம் வேலை. சுவரில் மோத மோத ஊர்தியின் ஆற்றல் குறையும். அது தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. தொடக்கத்தில் நாமும் நன்றாகவே சென்றோம். பின்னர் ஓர் எல்லை வந்தது. வளைவைக் கண் கண்டது. விரலுக்கும் செய்தி போயிற்று. ஆனால் விரல் அசைவதற்குள் வளைவு வந்து போய்விட்டது. அவ்வெல்லைக்கு அப்பாலும் அவன் நெடுந்தொலைவு சென்றான். சுவரில் மோதாதவாறு ஊர்தியைச் சற்றே தள்ளி நிறுத்தும் உதவி ஒன்றும் இதில் இருக்கிறது. அதனை இயக்கித் தரட்டுமா என்று அவன் பரிவுடன் கேட்டான். வேண்டாம் என்றோம். சுவர் தண்டிக்காத பந்தயத்தில் பிரேக்குக்கு ஏது பொருள்?

இனி, தொடக்கத்து வினாவுக்கு வருவோம். இப்பதிப்பில் நாம் தேடிக் காணாதது ஒன்று உண்டு. அன்று நாம் ஆடிய அத்தடங்கள் அன்றைய வடிவில் இதில் இல்லை. இது தொகுப்பது 2008 முதல் வெளிவந்தவற்றையே. பாட்டன் வீட்டைக் காணச் சென்றவனைப் பேரன்மார் வரவேற்று விருந்திட்டது போன்ற நிலை நம் நிலை. விருந்தில் குறையில்லை. பாட்டன்தான் இல்லை.

பாட்டனையும் சிலர் காத்தனர். 1995இன் விளையாட்டினுடைய மூலநிரல் 2022இல் இணையத்தில் கசிந்தது. ஆர்வலர் ஒருவர் அதனைச் சீர்செய்து மீள எழுதி, 2023இல் இணைய உலாவியிலேயே ஓடும்படி செய்தார். அதில் மலைகள் பழைய முனைகளுடனேயே நிற்கின்றன. உரிமையாளர் முன்னின்று செய்த பணி அன்று இது. விதிகளுக்குட்பட்டு வாழும் அரசு ஊழியராகிய நாம் இதனை வாய்நிறையப் புகழ இயலாது. எனினும் எண்ணிப் பார்த்தல் தகும். உடையவர் பூட்டி வைத்த பெட்டியில் பொருள் செல்லரித்துப் போகுமாயின், அதனைக் காக்கும் பொறுப்பு யாருடையது? கல்லும் செப்பேடும் நூற்றாண்டுகள் நிற்கும். மின்னணுக் கருவியை நம்பிப் பிறந்த கலை, அக்கருவி பழுதாகும் நாளில் தானும் மறைந்துவிடும். அதனை ஆக்கியவர் உயிருடன் இருக்கும்போதே பட்டறை மூடப்படும் காலம் இது.

அலுவலகத்தில் பழங்கோப்புக்குச் செம்பிரதி எடுப்பதுண்டு. எழுத்துத் தெளிவாகும், தாள் வெண்மையாகும். ஆனால் விளிம்பில் முன்னோர் கைப்பட எழுதிய சிறு குறிப்பு செம்பிரதியில் ஏறாது. அதனால் தேர்ந்த எழுத்தர் செம்பிரதியை மேலே வைத்து, மூலத்தையும் கோப்பிலேயே கோத்து வைப்பார். செம்பிரதி நாளைய வேலைக்கு. மூலம் நேற்றைய உண்மைக்கு. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

பழம்பொருளின் உயிர் அதன் மேற்பூச்சில் இல்லை என்பதே நாம் கண்டது. அது தன்னைக் கையாள்பவரிடம் எதனை வேண்டி நிற்கிறதோ, அவ்வேண்டுகோளில் இருக்கிறது. பாட்டு செவியை வேண்டுகிறது. இப்பந்தயம் வளைவில் ஒரு நொடி அடக்கத்தை வேண்டுகிறது. வண்ணம் மாறலாம், தெளிவு கூடலாம், பாடல் வேறாகலாம். அவ்வடக்கத்தைக் கேளாமல் விட்டிருந்தால் எஞ்சியிருப்பது உருகிய தங்கமே. ஒமேகா பதிப்பைத் தீட்டியவர்கள் அதனைக் கேட்கத் தவறவில்லை. ஆகவே மாலை அறுபடாமல் ஒரு கழுத்திலிருந்து மற்றொரு கழுத்துக்கு மாறியது.