கலாம் வீடும் அக்கா கம்மலும்

அப்துல் கலாம் 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து, மறைந்தார். 2017ல் அதே தேதியில் ராமேஸ்வரம் பேக்கரும்பில் அவருடைய நினைவகம் திறக்கப்பட்டது. அதனால் நினைவகத்தின் ஆண்டு விழாவும் அவர் நினைவு நாளும் ஒன்றாகவே வரும்.

ராக்கெட் மாதிரிகளைப் பார்க்க எல்லோரும் அங்கே போவார்கள். எனக்கு முக்கியம் பள்ளிவாசல் தெருவில் இருக்கும் அவர் வளர்ந்த வீடு. அங்கேயும் அவர் வாழ்க்கையைச் சொல்லும் கண்காட்சி இருக்கிறது. அந்த வீட்டுப் பையனுக்கு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது கட்டப் பணம் இல்லை. சுமார் ஆயிரம் ரூபாய். அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். என் சம்பாத்தியத்தில்தான் மீட்பேன் என்று தம்பி உறுதி எடுத்துக்கொண்டார்.

எங்க திருவொற்றியூரில் இது பழைய கதை இல்லைங்க. காலேஜ் அட்மிஷன் சமயத்தில் அடகுக் கடையில் நின்று பாருங்கள், தெரியும். என் பி.காம். முதல் வருஷ ஃபீஸ் அக்காவின் கம்மல்தான். வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கலாம் மாதிரி விஞ்ஞானி ஆகணும் என்று மேடையில் சொல்கிறார்கள். ஆகிறவர்கள் ஆகட்டும். எனக்கு முதலில் அந்தக் கம்மலை மீட்கணும்.